நாடகத்தை நிறுத்துகிறார்கள் என்று கேட்டதும் ரசிகர்கள் செய்ய வேண்டியது

போன ஐப்பசியில் நாகர்கோவிலில் பத்து நாள் நடக்கும் என்று நோட்டீஸ் அடித்த ஓர் இசை நாடகம் ஆறாவது நாளோடு நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மண்டபத்து வாசலில் இருந்த போஸ்டருக்குக் குறுக்கே ஒரு வெள்ளைத் தாள், அதில் சிவப்பு மார்க்கரில் 'நாளையுடன் நிறைவு'. அரை மணி நேரத்துக்குள் எங்கள் ரசிகர் குழுவில் நாற்பது ஐம்பது செய்தி. மண்டபத்துக்காரரைத் திட்டினவர்கள், நாடகக் குழுவைத் திட்டினவர்கள், நம் குமரி மாவட்டத்துக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது என்று ஊரையே திட்டினவர்கள், ஒன்றும் எழுதாமல் அழுத முகம் மட்டும் போட்டவர்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது. அதற்குள் மூன்று தடவை பார்த்திருந்தேன். எட்டாம் நாளுக்கு அம்மாவையும் சித்தியையும் கூட்டிப்போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன்.

கடலுக்குப் போன ஆள் திரும்பாத ஒரு வீட்டின் கதை அது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்ததும், அதற்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கடற்கரைப் பக்கம் வீடு வீடாக நடந்ததும் இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதினான்கு பாட்டு. வில்லுப்பாட்டு மெட்டில் தொடங்கி, நடுவில் கோவில் பஜனைக்கும் சர்ச் பாட்டுக்கும் போய், கடைசியில் வெறும் உடுக்கைச் சத்தத்தோடு முடியும். குழுவில் பதினாறு பேர், எல்லோருக்கும் பகலில் வேறு வேலை. ஒருவர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், கதாநாயகியாக நடித்த பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அந்த இரண்டு நாளிலும் அதற்குப் பிறகு வந்த மாதங்களிலும் நாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் ஊரில் நீங்கள் நேசிக்கிற ஒரு நாடகம் நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்டால் உதவட்டும்.

முதலில், காரணம் தெரியாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நாடகக் குழுவில் தெரிந்த ஒருவருக்குப் போன் பண்ணுங்கள், அல்லது இரண்டு நாள் பொறுங்கள். எங்கள் விஷயத்தில் 'மூன்றாம் நாள் அரங்கம் நிரம்பித்தானே இருந்தது, அப்புறம் எப்படி நஷ்டம்?' என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நிரம்பித்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பாதி நாற்காலி ஓசி பாஸ். நோட்டீஸில் விளம்பரம் கொடுத்த கடைக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் கொடுத்தது. மண்டப வாடகை, மைக்செட், லைட், ஜெனரேட்டர், சாமான் ஏற்ற வேன், பதினாறு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு, இதெல்லாம் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் தினமும் கையை விட்டுப் போகிற பணம். டிக்கெட் 150 ரூபாய். கணக்கு நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பெரிய நாடக அரங்கங்கள் இருக்கிற நியூயார்க்கின் பிராட்வேயிலும் இதே கணக்குதான், தொகைதான் பெரிது. அங்கே வாரத்துக்கு 8 காட்சி. நடிகர், வாத்தியக்காரர், மேடைத் தொழிலாளர் சம்பளம், அரங்க வாடகை, விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்து வாரச் செலவு என்று ஒன்று உண்டு. வாரவசூல் அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு வாரமும் கையிருப்பைத் தின்னும். போதாததற்கு அரங்க உரிமையாளரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வைப்பார்கள். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே தொடர்ந்து இரண்டு வாரம் வசூல் இறங்கினால் நாடகத்தை வெளியேறச் சொல்லலாம். தள்ளுபடி டிக்கெட்டில் அரங்கம் நிரம்பியிருந்தாலும் அந்த நிபந்தனை காப்பாற்றாது. நம்ம ரகுமான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' லண்டனில் 2002 ஜூனிலிருந்து 2004 ஜூன் வரை இரண்டு வருஷம் ஓடியது. அதே நாடகம் பிராட்வேயில் 2004 ஏப்ரல் 29 அன்று தொடங்கி 284 காட்சியோடு 2005 ஜனவரி 1ஆம் தேதி முடிந்துபோனது. அங்கே மெட்டு மாறிவிட்டதா, பாட்டு கெட்டுவிட்டதா? அந்த ஊரில், அந்த அரங்கத்தில், அந்தச் செலவுக்கு அந்த வசூல் கட்டுப்படியாகவில்லை. அதனால் ஒரு நாடகம் நின்றால் அது மோசமான நாடகம் என்று முடிவு கட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், சண்டை போடாமல் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்துக்கு என்று தனியாகச் சில காரணங்கள் உண்டு. மழை இங்கே இரண்டு தடவை வரும், ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. பாண்டி நாட்டுப் பக்கம் போல வருஷத்தில் எட்டு மாதம் கவலையில்லாமல் கூட்டம் சேர்க்க முடியாது. அப்புறம் கடைசி பஸ். எங்கள் நாடகம் முடிய ஒன்பதே முக்கால் ஆகும். ஆனால் குலசேகரம் பக்கம் போகிறவர்களும் கொல்லங்கோடு பக்கம் போகிறவர்களும் ஒன்பதே காலுக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கடைசிப் பாட்டு தொடங்கும்போது ஒரு வரிசையே குனிந்து குனிந்து எழுந்து போகும். மேடையில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழுந்திருக்க வேண்டியவர்கள், அவர்களை ராத்திரிப் பத்து மணி வரை உட்கார வைப்பதும் பெரிய விஷயம். இந்தக் காரணமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பிறகு குழுவோடு உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. ஆனால் நாடகத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றால் இந்தக் காரணப் பட்டியல்தான் முதல் மூலதனம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. ரத்தான நாளுக்கு எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை, அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே கேளுங்கள். பணம் வேண்டாம், குழுவே வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சும்மா இருந்துவிட்டால் அவர்கள் கணக்கில் அது கடனாகவே நிற்கும். லண்டனிலோ நியூயார்க்கிலோ பிள்ளைகள் இருந்து, அங்கே போகும்போது ஒரு பெரிய மியூசிக்கல் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் அரங்கத்தின் சொந்த டிக்கெட் கவுண்டரிலோ அவர்கள் இணையதளத்திலோ மட்டும் வாங்குங்கள். நாடகம் முன்கூட்டியே முடிந்தால் அங்கே வாங்கினவர்களுக்குப் பணம் ஒழுங்காகத் திரும்பி வரும். கைமாறி வாங்கின டிக்கெட் என்றால் விற்றவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சரி, இனி மிச்சம் இருக்கிற காட்சிகள். போங்கள். வேலை இருந்தாலும் போங்கள், தனியாகப் போகாமல் இதுவரை பார்க்காத இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பாஸ் கேட்காமல் காசு கொடுத்துப் போங்கள். முடியப்போகிறது என்ற செய்தியே சில நேரம் கூட்டத்தைக் கொண்டுவரும். பிராட்வேயில் 1988 ஜனவரி முதல் ஓடிக்கொண்டிருந்த 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' 2023 பிப்ரவரி 18ஆம் தேதியோடு முடியும் என்று முதலில் அறிவித்தார்கள். அறிவித்ததும் டிக்கெட்டுக்கு அப்படி ஒரு கிராக்கி, எட்டு வாரம் தள்ளிப்போட்டு ஏப்ரல் 16ஆம் தேதிதான் திரையை இறக்கினார்கள். 13,981 காட்சி. அது முப்பத்தைந்து வருஷம் ஓடின நாடகம், நம் ஊர் நாடகத்தோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் ரசிகர்கள் டிக்கெட் வாங்கினால் தேதி நகரும் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

எங்களுக்குத் தேதி நகரவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் 240 நாற்காலியும் நிறைந்து, பின்னால் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். வெளியே மழை கொட்டியது, தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் முதல் இரண்டு பாட்டு சரியாகக் கேட்கவில்லை, ஒருவரும் எழுந்து போகவில்லை. முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். ஆர்மோனியப் பெரியவர் பெட்டியை மூடி, ஈரம் படாமல் இருக்க ஒரு பழைய துவர்த்தை இரண்டாக மடித்து மேலே போர்த்தி, அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான தடவை செய்த கை, முடிச்சைப் பார்க்காமலே போட்டது. 'தாத்தா, இன்னைக்கு நல்ல கூட்டம்' என்றேன். 'ஆமா மக்களே' என்றார். 'இந்தக் கூட்டம் செவ்வாக்கிழமை வந்திருந்தா...' அதற்கு மேல் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டாம் நாள். அன்றைக்கு அறுபது பேர்கூட இல்லை, நானும் போகவில்லை, வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புது நாடகத்தின் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் அதற்கு ஆள் தேவைப்படுகிற நாட்கள். முதல் நாள் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். கடைசி நாள் எல்லோரும் வருவார்கள்.

கடைசிக் காட்சியில் எப்படி நடந்துகொள்வது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டும். பாட்டு நமக்கு மனப்பாடம் என்பதற்காகப் பாடகருக்கு முந்திக்கொண்டு பாடக் கூடாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் முதல் தடவை பார்க்க வந்தவராக இருக்கலாம், அவருக்குக் கிடைக்கும் ஒரே தடவை அதுதான். ஒன்ஸ் மோர் கேட்பது நம் நாடகத்தில் பழைய வழக்கம், கேளுங்கள், ஆனால் பாட்டு முழுசாக முடிந்து கைதட்டல் அடங்கின பிறகு ஒரு தடவை கேளுங்கள், பாடகரின் தொண்டை ஆறு நாள் பாடின தொண்டை. முடிந்ததும் மேக்கப் அறைக்குள் கூட்டமாக நுழையாதீர்கள், உடை மாற்ற ஒரே அறைதான் இருக்கும். பொன்னாடை போர்த்துவதைவிடச் சாப்பாடு கொண்டுபோவது நல்லது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பதினாறு பேருக்கு எந்த ஹோட்டல் திறந்திருக்கும்? எங்கள் ரசிகர் குழுவில் ஒரு அக்கா வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கு அவித்து, ஒரு பெரிய தூக்குவாளியில் மீன்கறியும் கொண்டுவந்தார். அன்றைக்குக் கிடைத்த மரியாதையில் அதுதான் பெரிது என்று கதாநாயகியாக நடித்த பெண் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பூ கொடுக்க ஆசை என்றால் கொடுங்கள், தோவாளைப் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, ஆளுக்கு ஒரு முழம் பிச்சிப்பூ போதும்.

கலைஞர்களிடம் என்ன பேசுவது என்பது பலருக்கும் வராத ஒன்று. 'ஏன் நிறுத்திட்டீங்க?' என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியை அன்றைக்கு ஐம்பது பேர் அவர்களிடம் கேட்டிருப்பார்கள். 'சூப்பர்', 'வேற லெவல்' என்று எழுதுவதாலும் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நீங்கள் பார்த்த ஓர் இடத்தைச் சொல்லுங்கள். கதாநாயகியாக நடித்த பெண்ணுக்கு நான் எழுதினது இது: 'இரண்டாவது பாதியில் நீங்கள் ராத்திரிக் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ப்பாள் போடாமல் திரும்பி வருவீர்கள் அல்லவா, எங்கள் பாட்டியும் அப்படித்தான் வருஷக்கணக்காகக் கதவை வெறுமனே சாத்தி வைத்தார்கள்.' அதற்கு அவள் பதில் போட மூன்று நாள் ஆனது. ஒத்திகையில் தாழ்ப்பாள் போடுவதாகத்தான் இருந்ததாம், நான்காம் நாள் தானாகக் கை நின்றுவிட்டதாம். அந்த மாற்றம் நாடகப் பிரதியில் எழுதப்படவே இல்லை. நான் எழுதிக் கேட்டதால்தான் அது இப்போது பிரதியில் ஏறியிருக்கிறது.

இதிலிருந்து முக்கியமான வேலைக்கு வருகிறேன், பாட்டையும் பிரதியையும் காப்பாற்றுவது. நாடகம் நின்றால் முதலில் அழிவது இவைதான். செட் சாமானை யாராவது ஒரு குடோனில் போட்டு வைப்பார்கள், உடைகளைப் பெட்டியில் மடித்து வைப்பார்கள். பாட்டு பதினாறு பேர் தொண்டையில் இருக்கிறது. அவர்கள் பதினாறு திசைக்குப் போவார்கள்.

1981இல் பிராட்வேயில் 'மெரிலி வி ரோல் அலாங்' என்ற மியூசிக்கல் 16 காட்சியோடு மூடப்பட்டது. மூடின மறுநாளே அந்த நடிகர்கள் எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாட்டு முழுவதையும் பதிவு செய்தார்கள். அந்த இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் நாடகத்தைப் பார்க்காத ஒரு தலைமுறையே அதற்கு ரசிகரானது. பல ஊர்களில் பல பேர் திரும்பத் திரும்ப மேடையேற்றி, கடைசியில் 2023இல் பிராட்வேக்கே வந்து, 2024இல் சிறந்த மறுமேடையேற்ற மியூசிக்கலுக்கான டோனி விருதும் (பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கிற பெரிய விருது) வாங்கியது. இடையில் நாற்பத்திரண்டு வருஷம். அந்த மறுநாள் அவர்கள் துக்கம் கொண்டாடிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நியூயார்க் பொது நூலகத்தில் மேடை நாடகங்களை அப்படியே படம் பிடித்துச் சேமிக்க 1970இலிருந்து ஒரு தனிப் பிரிவே இருக்கிறது, ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் அனுமதி வாங்கி உட்கார்ந்து பார்க்கலாம். நமக்கு அப்படி ஒன்று இல்லை. ஆனால் நம்மிடமும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அவ்வை சண்முகம் என்று தமிழ்நாடே அழைத்த டி.கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்று எழுதி வைத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் குழு ஊர் ஊராகப் போனதும், வசூல் இல்லாமல் தவித்ததும், எந்த நாடகத்தில் யார் என்ன வேடம் போட்டார்கள் என்பதும் அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. 1908இல் இதே நாகர்கோவிலின் ஒழுகினசேரியில் பிறந்து, சின்ன வயதில் நாடகக் கொட்டகையில் சோடா விற்ற என்.எஸ். கிருஷ்ணன் நடிகரானது அந்தக் குழுவில்தான். அவரைப் போலப் பேர் வாங்காத, அதே மேடையில் பின்பாட்டுப் பாடினவர்கள் எத்தனை பேர், அவர்கள் பாடினது என்ன மெட்டு? எழுதி வைக்காததெல்லாம் போயே போய்விட்டது.

எப்படிச் செய்வது என்றால், முதலில் அனுமதி. ஒளித்து வைத்துப் போனில் எடுக்காதீர்கள். தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய விடலாமா கூடாதா என்று சொல்லும் உரிமை கலைஞருக்கு நம் காப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனி உரிமை உண்டு. சட்டத்தை விடுங்கள், கேட்டால் சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறவர்களிடம் திருட்டுத்தனமாக எடுப்பானேன்? நாங்கள் கேட்டோம். பொதுவில் போடக் கூடாது, குழுவின் உபயோகத்துக்கு மட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம்.

பிறகு ஒரு 200 பக்க நோட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியப் பெரியவர் வீட்டுக்குப் போவோம். திண்ணையில் பாய் விரித்து, அவர் ஒரு வரி பாட, ஒருவர் எழுத, ஒருவர் போனில் பதிவு செய்ய. முதல் நாளே ஒரு பிரச்சினை. அச்சடித்த பிரதியில் இருக்கிற வரி ஒன்று, மேடையில் பாடினது வேறு. 'கரை தெரியல' என்று பிரதியில் இருந்தது, அவர் 'கரை காணல' என்றே பாடினார். எது சரி என்று கேட்டதற்கு ஆர்மோனியத்தில் இரண்டையும் வாசித்துக் காட்டினார். 'தெரியல'வில் மூன்று எழுத்துக் கடந்துதான் 'ல' வருகிறது, மூச்சு அதற்குள் தீர்ந்துவிடும், 'காணல'வில் 'கா'வை நீட்டி நின்றுகொள்ளலாம், கடலைப் பார்க்கிற மாதிரி. இதை யார் புத்தகத்தில் எழுதுவார்கள்? நாங்கள் இரண்டு வரியையும் எழுதி, பக்கத்தில் இந்தக் காரணத்தையும் எழுதினோம். நீங்களும் அப்படியே எழுதுங்கள், மேடையில் மாறினதை முதலில், பிரதியில் உள்ளதை அடுத்து.

பாட்டோடு சேர்த்துக் குறிக்க வேண்டியவை: எந்தச் சுருதிக் கட்டையில் பாடினார்கள், எந்த இடத்தில் உடுக்கை, எந்த இடத்தில் வெறும் குடம், யார் எந்தப் பக்கத்திலிருந்து மேடைக்கு வந்தார்கள், என்ன உடை, அந்த உடை எங்கே கிடைத்தது. லைட் போட்டவரையும் மைக்செட்காரரையும் மறந்துவிடாதீர்கள், அவர்கள் பேரும் போக வேண்டும். போஸ்டர், நோட்டீஸ், டிக்கெட் அடிக்கட்டை, கூட்டத்தின் ஒரு போட்டோ. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு பேர் இமெயிலில் வைத்துவிட்டு, ஒரு தாள் பிரதியும் எடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் தாள் தாங்காது என்பதால் தரையிலோ சுவரோரமோ வைக்காதீர்கள். மர அலமாரி என்றால் மேல்தட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை வெயில். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு பிரதி கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், கேட்பதில் ஒன்றும் குறைந்துபோகாது.

அடுத்தது திரும்பக் கொண்டுவருவது. குழுவுக்கு விருப்பமா என்று முதலில் கேட்க வேண்டும், சிலருக்கு அந்த ஆறு நாள் வலி ஆறியிருக்காது. விருப்பம் என்றால், மண்டபம் எடுத்து டிக்கெட் போட்டுத் திரும்பவும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம். நம் மாவட்டத்தில் நாடகத்துக்கு இயல்பான இடம் கோவில் கொடையும் சர்ச் திருவிழாவும்தான். அங்கே மேடையும் மைக்செட்டும் ஏற்கெனவே இருக்கும், கூட்டம் தானாக வரும், செலவை ஊர் வரி பார்த்துக்கொள்ளும். குழு ஒரு தொகை பேசி அட்வான்ஸ் வாங்கிவிட்டால் டிக்கெட் பயம் இல்லை. ஆனால் கமிட்டிக்காரர்கள் ஆர்கெஸ்ட்ராவையும் பட்டிமன்றத்தையும்தான் நிறைய யோசிப்பார்கள், அவர்களை நாடகத்துக்கு இணங்க வைக்கிற வேலைதான் ரசிகர்களுடையது. நோட்டும் போனில் ஒரு பாட்டும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பங்குனி, சித்திரைக் கொடைக்கு மாசியிலேயே பேசி முடித்துவிடுவார்கள், அதற்கு முன்னாலேயே போக வேண்டும்.

காலத்தைப் பார்த்துக் கேளுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் ஒரு வீட்டிலும் வர மாட்டார்கள். கடற்கரை ஊர்களில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஒன்று உண்டு. கிழக்கில், சின்னமுட்டம் பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கில், குளச்சல் பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போது ஆட்கள் கரையில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் அங்கே டிக்கெட் நாடகம் போடாதீர்கள், திருவிழாவில் இலவசமாகப் போட்டால் கடல்புரமே வந்து உட்காரும். ஒக்கியைப் பற்றின நாடகம் என்றால் போடுவதற்கு முன்னால் அந்த ஊரில் இழந்த வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நேரம் பெரிய விஷயம். திறந்த வெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருஷத்து விதி, போலீஸ் அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும். எங்கள் நாடகம் இரண்டே முக்கால் மணி நேரம். அதை ஒன்றரை மணி நேரமாகக் குறைக்க முடியுமா என்று நாங்கள் கேட்டபோது எழுதியவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். பிறகு அவரே பதினான்கு பாட்டில் ஒன்பதை வைத்து ஒரு சுருக்கப் பிரதி எழுதிக் கொடுத்தார். ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிறது, கடைசி பஸ்ஸும் கிடைக்கும், கடைசிப் பாட்டும் கிடைக்கும். எப்போதாவது திரும்ப டிக்கெட் போட்டு நடத்தினால், டிக்கெட் 500 ரூபாய்க்குள் இருக்கிறவரை நாடகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொகை பேசும்போது ரசிகர் நடுவில் நிற்காதீர்கள். குழுவும் கமிட்டியும் நேராகப் பேசி, எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மழை வந்தால் என்ன, சாப்பாடு யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். மழை வந்தால் என்ன என்ற வரியைக் கண்டிப்பாக எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் நோட்டில் இதுவரை பன்னிரண்டு பாட்டு ஏறியிருக்கிறது. மிச்சம் இரண்டும் கீபோர்டு வாசித்த பையன் மெட்டுப் போட்டவை, ஆர்மோனியப் பெரியவருக்கு அவை முழுசாக வராது. அந்தப் பையன் தை மாதமே வேலை கிடைத்துச் சவுதிக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. இந்த வாரம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் பண்ணுகிறேன், பாடிக் காட்டுகிறேன், தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லியிருக்கிறான்.